பொம்மை குழந்தையின் கைக்கு இணங்கட்டும்!

வீரபாண்டி சித்திரைத் திருவிழாவில் வாங்கிய, தாளம் போடும் பேட்டரி குரங்கு அது. வாங்கியது ஆறு வயதுப் பையனுக்கு. முடுக்கி விளையாடுவதோ அவன் அப்பா! பையன் பாயில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருப்பான்.

"அந்தச் சின்னப் பொத்தானை அமுக்க விரல் வர மாட்டேங்குது டாக்டரய்யா. கை திறக்க ஏதாச்சும் தைலம் குடுங்க" என்றார், மயிலாடும்பாறையிலிருந்து அவனைத் தூக்கி வந்த தாய். பையனுக்கு மூளை முடக்குவாதம்.

சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்: தைலம் இதமாகப் பிடித்துவிட உதவலாம். மூளையில் ஏற்பட்ட பாதிப்பை அது மாற்றாது. "பையனை மாத்த முடியலைன்னா என்னம்மா, பொம்மையை மாத்தலாமே!" என்றேன்.

விளையாட்டு என்ன அவ்வளவு முக்கியமா என்கிறீர்களா? 'நான் தொட்டால் ஒன்று நடக்கிறது' என்று குழந்தை தெரிந்துகொள்வதே விளையாட்டில்தான். எல்லாவற்றையும் நாமே செய்துகொடுத்தால், 'என்னால் ஒன்றும் ஆகாது' என்பதைத்தான் அது படித்துக்கொள்ளும். ஸ்வீடனில் 1963-லேயே இப்படிப்பட்ட குழந்தைகளுக்கென்று பொம்மை நூலகம் தொடங்கினார்கள். 1992-ல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையும் விளையாட்டை ஓர் உரிமையாகவே சொல்கிறது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் உட்காரும் விதம்: உடம்பு ஆடிக்கொண்டிருந்தால் கை வேலை செய்யாது. சுவர் மூலையில் சாய்த்து, இருபுறமும் தலையணை முட்டுக் கொடுங்கள். இலவம் பஞ்சுக்கா நம் வருசநாட்டுப் பக்கம் பஞ்சம்? எந்த நிலை உங்கள் குழந்தைக்கு ஏற்றது என்பதைப் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிடி: கிலுகிலுப்பை, கிரேயான் போன்றவற்றின் மேல் பழைய துணியைச் சுற்றித் தடிமனாக்குங்கள். பிடிக்கவே முடியாதா? தையல் சாமான் கடையில் கிடைக்கும் வெல்க்ரோ பட்டையால் உள்ளங்கையோடு தளர்வாகச் சேர்த்துவிடுங்கள்.

நழுவாமல் இருக்க: பொம்மைக்கு அடியில் ஈரத்துண்டு போடுங்கள். பொம்மையை மணைப்பலகையோடு கயிற்றால் கட்டினால், விழுந்தாலும் குழந்தையே இழுத்துக்கொள்ளும். கயிறு ஒரு சாணுக்கு மேல் கூடாது, கழுத்தில் சுற்றிவிடும். அடி கனத்த தஞ்சாவூர்ப் பொம்மை இன்னும் நல்லது. தட்டினால் சாய்ந்து, தானே நிமிர்ந்துகொள்ளும். எடுத்துக்கொடுக்க ஆளே வேண்டாம்!

பார்வை மங்கலாக இருந்தால்: மஞ்சள் பந்தைக் கறுப்புத் துணிமேல் வையுங்கள். உள்ளே மணி உள்ள பந்து என்றால் ஓசையை வைத்தும் தேடிப் பிடிக்கும்.

குரங்குக்கு என்ன செய்தோம்? உள்ளூர் எலக்ட்ரீஷியன் அரை மணியில் முடித்தார். பேட்டரிக்கும் அதைத் தொடும் தகட்டுக்கும் நடுவே, இருபக்கமும் செப்புத் தகடு ஒட்டிய மெல்லிய அட்டையைச் செருகினார். ஒவ்வொரு தகட்டிலிருந்தும் ஓர் ஒயர். இரண்டையும் காலிங் பெல் சுவிட்சில் இணைத்தார். சுவிட்ச் மேல் அகலமான ஒரு மூடி. பொம்மையின் சொந்தப் பொத்தான் எப்போதும் 'ஆன்'. மூடியை முழங்கையால் அழுத்தினாலே தாளம், எடுத்தால் நின்றுவிடும்.

ஒன்றை மறக்காதீர்கள். சாதாரண பேட்டரி பொம்மையில் மட்டுமே இதைச் செய்யலாம். சார்ஜர், வீட்டு மின்சாரம் அறவே கூடாது. ஒயர் இருப்பதால் பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். பட்டன் பேட்டரியும், 3 செ.மீ.க்குச் சிறிய உருப்படிகளும் வாய்க்கு எட்டக் கூடாது. வலிப்பு உள்ள குழந்தைக்கு மின்னி மின்னி எரியும் விளக்குப் பொம்மை வாங்குமுன் டாக்டரைக் கேளுங்கள். 2021 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், பார்த்து வாங்குங்கள்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது எது தெரியுமா? காத்திருப்பது! பையன் முழங்கையை நகர்த்துவதற்குள் அம்மாவின் கை தானாக முந்திக்கொண்டு போனது. "கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்கம்மா" என்றேன். மனசுக்குள் இருபது எண்ணியிருப்பார். 'டக்'கென்று ஒரு சத்தம். குரங்கு தாளம் போட்டது. பையன் குரங்கைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தான்.

வீட்டு விளையாட்டோடு முறையான பயிற்சியும் வேண்டும். ஆரம்ப நிலை இடையீட்டு மையம் பற்றி அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். ஆய்க்குடி அமர் சேவா சங்கம் (1981), சென்னை வித்யாசாகர் (1985) போன்ற அமைப்புகளும் வழிகாட்டும்.

அடுத்த மாதம் அந்தத் தாய் வந்தார், ஒரு புகாரோடு: "காலைல கண்ணு முழிச்சா ராத்திரி வரைக்கும் குரங்குச் சத்தம்தான். காது போகுது டாக்டரய்யா!"

இதற்கு மட்டும் என்னிடம் மருந்து இல்லை என்று சொல்லிவிட்டேன்.