ஆகுமான தீவனமும் தூய்மையான பாலும்



அலங்காநல்லூர் என்றதும் வாடிவாசலும் ஜல்லிக்கட்டுக் காளையுமே நினைவுக்கு வரும். காளைக்குப் பருத்திக்கொட்டை ஊட்டி வளர்க்கும் இவ்வட்டாரத்தில், பாலுக்குப் பசுவும் குர்பானிக்குக் கிடாயும் வளர்க்கும் முஸ்லிம் குடும்பங்களும் உள்ளன. புண்ணாக்கு விலைக்கு அஞ்சி 'டி.டி.ஜி.எஸ்.' என்னும் தீவனத்தை நாடுவோர், "இது சாராய ஆலைக் கழிவாயிற்றே ஹஜ்ரத்! இதைத் தின்ற மாட்டின் பாலை அருந்தலாமா?" என்று வினவுகின்றனர்.

இத்தீவனம் யாது?

பெட்ரோலுடன் எத்தனால் கலக்கும் திட்டம் நம் நாட்டில் 2025ஆம் ஆண்டு 20 சதவீதத்தை எட்டியது. அதற்காக மக்காச்சோளத்தையும் குருணை அரிசியையும் அரைத்து, வேகவைத்து, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைக்கின்றனர். எத்தனாலை வடித்தபின் எஞ்சும் சக்கையை உலர்த்தினால் கிடைப்பதே இத்தீவனம். நூறு கிலோ மக்காச்சோளத்தில் சுமார் 30 கிலோ சக்கை மிஞ்சும். மாவுச்சத்து எத்தனாலாக மாறிவிடுவதால், ஏனைய சத்துக்கள் ஏறத்தாழ மூன்று மடங்கு செறிகின்றன. 9 சதவீதப் புரதம் 27 சதவீதத்தைத் தொடுகிறது. அசைபோடும் பிராணிகளுக்கு இது நல்ல உணவே.

மார்க்கம் கூறுவது என்ன?

தபூக் பயணத்தின்போது ஸமூது கூட்டத்தார் வாழ்ந்த பகுதியின் கிணற்று நீரால் பிசைந்த மாவை, தோழர்கள் உண்ணாமல் ஒட்டகங்களுக்குக் கொடுத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி புகாரியில் உள்ளது. மனிதருக்குத் தடுக்கப்பட்ட உணவைக் கால்நடைக்குத் தீவனமாக அளிக்கலாம் என்பதற்கு இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இதனை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அசுத்தத்தையே தின்று திரியும் 'ஜல்லாலா' பிராணியின் இறைச்சியையும் பாலையும் ஹதீஸ் தடுக்கிறது. தானியச் சக்கை அவ்வகையில் சேராது. எனவே இத்தீவனம் ஆகுமானதே. அதைத் தின்ற பசுவின் பாலும் ஆகுமானதே.

ஆனால் கேள்வி இத்துடன் முடிவதில்லை!

ஹலாலை மட்டுமன்றி, 'தய்யிப்' என்னும் தூய்மையையும் நம் இறைவன் சேர்த்தே கட்டளையிட்டுள்ளான். 2018ஆம் ஆண்டின் உயிரி எரிபொருள் கொள்கை, மனிதர் உண்ணத் தகாத கெட்டுப்போன தானியத்தையும் எத்தனாலுக்கு அனுமதித்தது. அத்தானியத்தில் பூஞ்சை படிந்திருந்தால், அதன் அஃப்ளடாக்சின் நஞ்சு புளிப்பதாலும் வடிப்பதாலும் அழிவதில்லை. சத்துக்கள் செறிவது போலவே அதுவும் சக்கையில் செறிகிறது. பசுவின் வயிற்றில் புகுந்த நஞ்சின் ஒரு பகுதி பாலில் இறங்குகிறது. பாலைக் காய்ச்சினாலும் அது நீங்குவதில்லை. அப்பாலைப் பருகுவது யார்? நம் குழந்தைகளும், நம்மை நம்பிப் பால் வாங்குவோரின் குழந்தைகளுமே!

ஆகவே, நஞ்சுப் பரிசோதனைச் சான்று உள்ள சரக்கையே வாங்குங்கள். கட்டி தட்டியதை, பூஞ்சை நாற்றம் வீசுவதை மலிவென்று வாங்காதீர்கள். உலர்ந்த இடத்தில் பலகை மேல் அடுக்கி வையுங்கள். உலர்த்தாத ஈரச்சக்கையோ சில நாட்களிலேயே கெட்டுவிடும். கறவை மாட்டின் மொத்த உலர் தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல், இரண்டு வாரங்களில் சிறிது சிறிதாகப் பழக்குங்கள். அளவு மீறினால், சக்கையில் மிகுந்துள்ள கந்தகம் மூளையைத் தாக்கிக் கண்பார்வையைப் பறிக்கக்கூடும். கிடாய்களுக்கு இதில் மிகுந்த பாஸ்பரஸால் சிறுநீர்க்குழாயில் கல்லடைப்பு நேரலாம். எனவே மருத்துவரைக் கேட்டுச் சுண்ணாம்புச்சத்தைச் சேர்த்துக் கொடுங்கள்.

வாயில்லா ஜீவன்கள் நம்மிடம் உள்ள அமானிதம். நாம் வைப்பதையே அவை தின்கின்றன. அவை தருவதையே நம் பிள்ளைகள் பருகுகின்றனர். இவ்விரண்டு அமானிதங்களையும் பேணிடும் நல்லோராக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.