யமுனைக் கரையில் ஒரு நிலாத் தோட்டம்

தாஜ்மஹாலை அறியாதவர் உண்டோ? ஆயினும், அதற்கு நேர் எதிரே, யமுனையின் மறுகரையில் அதன் மறுபாதி விளங்குவதை அறிந்தவர் நம்மில் சிலரே. 'மஹ்தாப் பாக்' என்பது அதன் பெயர். நிலவொளித் தோட்டம் என்பது பொருள்.

டில்லியில் ஹுமாயூனின் அடக்கத்தலமும், சிக்கந்தராவில் அக்பரின் அடக்கத்தலமும் தோட்டத்தின் நடுவிலேயே அமைந்துள்ளன. ஷாஜஹானோ, தம் துணைவியார் மும்தாஜ் மஹலின் அடக்கத்தலத்தைத் தோட்டத்தின் கோடியில், ஆற்றங்கரையில் எழுப்பினார். எதிர்க்கரைத் தோட்டத்தையும் சேர்த்து நோக்குங்கள். அப்போது தாஜ்மஹால் நடுநாயகமாகிவிடும்! இரு தோட்டங்களும் ஒரே நேர்கோட்டில் அமைய, இடையே ஓடும் யமுனையும் அந்த அமைப்பின் ஓர் அங்கமாயிற்று.

ஆறுகள் ஓடும் சுவனச் சோலைகளைத் திருக்குர்ஆன் பலமுறை நினைவூட்டுகிறது. நல்லாத்மாவைச் சுவனத்துக்கு அழைக்கும் 'அல்ஃபஜ்ர்' அத்தியாயம் தாஜ்மஹாலின் பெருவாயிலில் பொறிக்கப்பட்டிருப்பதும் கருதத்தக்கது.

மறுகரையில் ஷாஜஹான் தமக்கெனக் கறுப்புத் தாஜ்மஹால் ஒன்றைக் கட்டத் தொடங்கினார் என்றொரு கதை உண்டு. 1990-களில் தொல்பொருள் ஆய்வுத் துறையினரும் அமெரிக்க அறிஞர்களும் அங்கு அகழ்ந்தபோது அப்படியொரு கட்டடத்தின் அடித்தளம் காணப்படவில்லை. கிடைத்தது, 25 நீரூற்றுகள் கொண்ட எண்கோணக் குளம்! தாஜ்மஹாலின் உருவத்தைத் தன்னுள் ஏந்திய கண்ணாடி அது.

இளவரசர் ஒளரங்கசீப் 1652-இல் தந்தைக்கு எழுதிய கடிதமும் இதற்குச் சான்று. தோட்டம் வெள்ளத்தில் மூழ்கிப் பொலிவிழந்ததையும், எண்கோணக் குளம் பழுதின்றி இருப்பதையும் அவர் அதில் தெரிவித்திருந்தார். பின்னர் வந்த வெள்ளங்கள் தோட்டத்தை வண்டல் மண்ணால் மூடிவிட்டன. அகழ்வுக்குப் பின் அங்கே மரங்களும் மலர்ச்செடிகளும் மீண்டும் நடப்பட்டன.

தோட்டம் மீண்டது, ஆறு மீண்டதா? கோடையில் மெலிந்து, நகரங்களின் கழிவுகளைச் சுமந்து வருகிறது யமுனை. கறுப்புத் தாஜ்மஹால் வெறும் கதை; கறுத்துவிட்ட யமுனையோ கண்கண்ட உண்மை.

அன்பர்களே! ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்யும்போதும் நீரை விரயம் செய்யலாகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. ஆறே இல்லாத ஊர்களில் குழாயடியில் நிற்கும் நாம் எப்படி நடந்துகொள்கிறோம்? நீரின்றிச் சோலை இல்லை. சுவனச் சோலையை வேண்டிக் கையேந்தும் நாம், இறைவன் இம்மண்ணில் அருளிய ஆறுகளைப் பாழாக்கலாமா? சிந்திப்போமாக!