பெரியவர்களுக்கு ஒரு நல்ல படம்

வீட்டில் பெரியவர் ஒருவர் காலமாகிவிட்டால், ஊருக்குச் செய்தி சொல்லி முடிவதற்குள் யாரேனும் ஒருவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “அம்மாவின் நல்ல படம் ஏதாவது இருக்கிறதா?” அலமாரிகள் திறக்கப்படுகின்றன, கைப்பேசிகள் துழாவப்படுகின்றன. பேரனின் பிறந்தநாள் படத்தில் ஓர் ஓரத்திலே பாதி முகம் தெரியும். கலியாணக் கூட்டத்தில் எவருடைய தோளுக்கோ பின்னால் கண் மூடியபடி நிற்பார். முடிவில் ஆதார் அட்டைப் படமே பெரிதாக்கப்படுகிறது. எண்பது ஆண்டு வாழ்ந்தவர், வரிசையில் நின்று களைத்த ஒரு கணத்தின் முகத்தோடு சுவரில் மாட்டப்படுகிறார்.

ஊரை விட்டு வந்து வேற்று மாநில நகரங்களில் குடியமர்ந்த நம்மவரிடையே இக்குறை சற்று மிகுதி என்றே சொல்லவேண்டும். பெரியவர்கள் சில திங்கள் ஊரில் இருக்கிறார்கள். சில திங்கள் நம்மோடு இருக்கிறார்கள். அங்கே படம் எடுக்க ஆள் இல்லை. இங்கே வந்தால், ‘அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்’ என்று நாள் தள்ளிப்போகிறது.

கைப்பேசியிலேயே ஆயிரம் படங்கள் எடுக்கலாமே, தொழில் தெரிந்த கலைஞர் எதற்கு என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கைப்பேசியை முகத்தருகே கொண்டுபோய் எடுத்தால் மூக்கு பெருத்துக் காதுகள் பின்வாங்கும். கலைஞர் தள்ளி நின்று, அதற்கேற்ற லென்ஸைக் கொண்டு எடுக்கிறார். முகம் முகமாகவே இருக்கிறது. சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நாற்காலியைத் திருப்புகிறார். மூக்குக் கண்ணாடியில் ஒளி பளபளத்தால், அதன் காம்புகளைக் காதுக்கு மேல் சிறிது உயர்த்தி அதைத் தவிர்க்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, அவருக்குக் காத்திருக்கத் தெரியும். பெரியவர்கள் முதல் பத்து நிமிடம் காமிராவுக்காக விறைத்து உட்காருவார்கள். ஊர்ப்பேச்சு ஏதேனும் எடுத்த பிறகே அவர்களுடைய சொந்த முகம் வெளிப்படும்.

தடையாக நிற்பது செலவுதான். ஒரு குடும்பம் தனியே கலைஞரை அமர்த்தினால், அவர் வந்துபோகும் நேரம், விளக்குகளை நிறுத்தும் உழைப்பு ஆகிய அனைத்தும் அந்த ஒரு குடும்பத்தின் தலையிலேயே விழுகின்றன. இச்சிக்கல் புதியதன்று. 1839-இல் பிரான்சில் தாகேர் தம் முறையை வெளியிட்டபோது, ஒரு தகட்டில் ஒரே படம். படி எடுக்க வழியில்லை. வசதி படைத்தோரே எடுத்துக்கொண்டனர். பாரிஸில் டிஸ்டேரி என்பவர் 1854-இல் உரிமம் பெற்ற முறையிலோ, ஒரே தகட்டில் எட்டுச் சிறு படங்கள் வரை பதிவாயின. ஒரு முறை செய்த வேலை பலவாகப் பங்கிடப்பட்டது, விலை இறங்கியது, நடுத்தரக் குடும்பங்களும் படம் எடுத்துக்கொள்ளத் தொடங்கின.

நாமும் அவ்வாறே பங்கிடலாம். சங்கத்துக் கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கலைஞர், ஒரே திரை, ஒரே விளக்கமைப்பு, ஒருவருக்கு இருபது நிமிடம். காலை எட்டு மணிக்குத் தொடங்கினால், உணவு இடைவேளை போக, மாலைக்குள் இருபது பேரை எடுத்துவிடலாம். ஒரு நாள் ஊதியத்தை இருபதால் வகுத்தால் எவருக்கும் பளுவாக இராது. கலைஞரிடம் பேரம் பேசிச் செலவைக் குறைப்பதை மட்டும் நாம் ஏற்கமாட்டோம். அவருக்கும் குடும்பம் உண்டு. இயன்றவர் இரண்டு பங்கு செலுத்தட்டும்; இயலாதவரிடம் எவரும் கணக்குக் கேட்கவேண்டாம். அமெரிக்காவில் ஜெரமி கவர்ட் என்ற புகைப்படக் கலைஞர் 2009-இல் தொடங்கிய ‘ஹெல்ப்-போர்ட்ரெயிட்’ என்னும் முயற்சியில், கலைஞர்கள் வசதியற்றோரைப் படமெடுத்து, அச்சிட்டு, அவர்கள் கையிலேயே இலவசமாகக் கொடுக்கிறார்கள்.

பணத்தை விடக் கடினமானது, யாரை அழைப்பது என்பது. குடும்பப் படம் என்றவுடன் கணவரை இழந்த அத்தை தாமாகவே ஒதுங்கிச் சமையலறைக்குள் போய்விடுவார். நாமும் ‘வாருங்கள்’ என்று ஒரு முறை சொல்லிவிட்டுக் கடமை தீர்ந்ததாக எண்ணிக்கொள்வோம். அவரை முதலில் உட்காரவைக்கவேண்டும். சக்கர நாற்காலியில் வருபவரை அந்த நாற்காலியிலேயே எடுக்கலாம். காது மந்தமானவருக்குக் கலைஞர் அருகில் வந்து பேசவேண்டும். படுக்கையில் இருப்பவர் வீட்டுக்கு, மறுநாள் ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கலைஞரை அழைத்துச் செல்லவேண்டும். முப்பது ஆண்டுகளாக வீட்டுவேலை செய்து நம் குழந்தைகளை வளர்த்த அம்மாளுக்கும் ஓர் இடம் வேண்டாமா? பெண்கள் அந்நிய ஆடவர்முன் வராத காலத்தில், அவர்களுக்கென்றே ராஜா தீன் தயாள் 1892-இல் ஹைதராபாதில் தனி ஸ்டூடியோ ஒன்றை அமைத்து, அதை ஓர் ஆங்கிலேயப் பெண்மணியின் பொறுப்பில் விட்டார். வரமுடியாதவர்களின் நிலைக்கேற்பக் கலைஞரே வழி செய்துகொடுத்தார்.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். வண்ணப் படச்சுருள் காலத்தில், அச்சின் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் அனுப்பிய ‘ஷெர்லி அட்டை’யில் இருந்தது வெள்ளை நிறப் பெண்ணின் உருவம். அவள் நிறம் சரியாக விழுந்தால் போதும் என்பது கணக்கு. கரிய முகங்கள் இருண்டுபோயின. இன்றைய காமிராவில் அத்தொல்லை குறைவு. ஆனால் மெருகேற்றுகிறேன் என்று பாட்டியை வெளுப்பாக்கிச் சுருக்கங்களைத் துடைத்துவிடும் வழக்கம் வந்துவிட்டது. அதைச் செய்யவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும்.

சில பெரியவர்கள், “எனக்கு மாலை போடவா படம் எடுக்கிறீர்கள்?” என்று முறைப்பார்கள். நியாயமான கேள்வி; மழுப்பவேண்டியதில்லை. கொரியாவில் இத்தகைய படத்துக்கு ‘நெடுவாழ்வுப் படம்’ என்னும் பொருள்படப் பெயரிட்டிருக்கிறார்கள். தொண்டர்கள் முதியோர்க்கு நல்லுடை உடுத்தி இலவசமாக எடுத்துத் தருகிறார்கள். நம் பெரியவர்களுக்கும் பிடித்த புடவையும் வேட்டியும் உண்டு, அவர்களே தேர்ந்துகொள்ளட்டும். பத்துப் படங்களில் எது நன்று என்பதையும் அவர்களே சொல்லட்டும். பிடிவாதமாக மறுப்பவரை விட்டுவிடுவதே மரியாதை.

எடுத்த படத்தைக் காகிதத்தில் அச்சிட்டே கொடுக்கவேண்டும். எட்டுக்குப் பத்து அங்குல அச்சுக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் எழுபத்திரண்டு இலட்சம் புள்ளிகள் தேவை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கிப்போவதால், மூலக் கோப்பைத் தனியே கேட்டு வாங்கி இரண்டு இடங்களில் வைத்துக்கொள்வது நல்லது. வெயில் படும் சுவரில் மாட்டவேண்டாம். சட்டமிடுமுன், பின்புறத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் பெயர், பிறந்த ஊர், எடுத்த ஆண்டு மூன்றையும் எழுதிவிடுங்கள். இந்நகரத்திலேயே பிறந்த பேரப்பிள்ளைகளுக்கு அந்த ஊர்ப்பெயரை வேறு எங்கே தேடுவது?