நாய்க்கடியும் நட்டஈடும்

நன்றியறிவுக்கு நாயை எடுத்துக்காட்டுதல் தமிழர் மரபு. வாயில் காத்தலும் வேட்டைக்குத் துணைபோதலும் அதன் பண்டைத் தொழில்கள். எனினும், காவலுக்கென வளர்த்த நாய் வழிச்செல்வோனைக் கடிக்குமிடத்து, அவன் பட்ட துன்பத்துக்குப் பொறுப்பாளர் யாவர் என்னும் வினா எழுகின்றது. திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் விடியுமுன் கடற்கரைக்கு விரையும் மீனவரும், வீடுதோறும் பத்திரிகை கொடுக்கும் இளைஞரும், பள்ளி செல்லும் சிறாரும் இவ்வச்சத்தை அறிவர். கடிபட்டோருட் சிலர் விதியெனக் கொண்டு வாளாவிருக்கின்றனர். சிலர் நாய்க்குடையவர் இரங்கிக் கொடுக்கும் சிறு தொகையுடன் அமைகின்றனர். நட்டஈடு இரக்கத்தாற் கொடுக்கப்படுவதன்று, உரிமையாற் பெறப்படுவது. அவ்வுரிமையின் இயல்பை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1795 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் திருகோணமலைக் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். கொடி மாறிற்றேனும் சட்டம் முற்றாக மாறவில்லை. 1799 ஆம் ஆண்டுப் பிரகடனம் ஒல்லாந்தர் காலத்துச் சட்டத்தைத் தொடர்ந்து நிலவவிட்டது. ஆதலின், ஒருவரால் மற்றொருவர்க்கு நேரும் தீங்கு பற்றிய வழக்குகளுக்கு உரோம ஒல்லாந்தச் சட்டமே இன்றும் நமக்கு அடிப்படை. தேசவழமை சொத்துரிமையையும் மரபுரிமையையும் பற்றியதாகலின் அஃது ஈண்டுப் பயன்படாது.

கி.மு. 5 ஆம் நூற்றாண்டில் எழுந்த உரோமரின் பன்னிரு பலகைச் சட்டமே இதன் ஊற்று. வீட்டு விலங்கு தீங்கு செய்யின், உடையவன் நட்டத்தை ஈடுசெய்தல் வேண்டும். அன்றேல் விலங்கையே தீங்குற்றோனிடம் ஒப்படைத்தல் வேண்டும் என்பது அதன் விதி. பொதுவழியருகே நாய், பன்றி, கரடி முதலியவற்றை வைத்திருப்போர்க்கெனத் தனிக்கட்டளையொன்றும் பின்னர்ப் பிறந்தது. அவற்றால் சுதந்திர மனிதனொருவன் இறப்பின் 200 பொற்காசு தண்டம். காயமுறின், நீதிபதி நியாயமெனக் காணும் தொகை. தெருவிற் செல்வோனது பாதுகாப்பு உடையவனது வசதியினும் பெரிதென உரோமர் அன்றே உணர்ந்தனர்.

இம்மரபினின்றும் இருவகை வழக்குகள் வளர்ந்தன. முதல்வகையில் உடையவனது குற்றத்தை நிறுவவேண்டியதில்லை. தன் விலங்கு தன் வளர்ப்பியல்புக்கு மாறாகத் தாக்கிற்று என்பதே போதும். தென்னாபிரிக்காவின் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1927 இல் ஒரு நாய்க்கடி வழக்கில் இவ்விதி இன்றும் உயிருள்ளதென உறுதிப்படுத்திற்று. விலங்கை ஒப்படைத்துத் தப்பும் பழைய வழி வழக்கொழிந்ததென்றும் கூறிற்று. 2020 இல் அந்நாட்டு மேன்முறையீட்டு மன்றம் இன்னும் ஒருபடி சென்றது. திறந்த படலையூடாக வெளியேறிய மூன்று நாய்கள் தெருவிற் சென்ற ஒருவரைத் தாக்க, அவர் கையொன்றை இழந்தார். பிறனொருவன் படலையைத் திறந்தான் என்ற வாதத்தை மன்றம் ஏற்கவில்லை.

இரண்டாம் வகையில் உடையவனது கவனயீனத்தை நிறுவல் வேண்டும். இலங்கையில் வழக்காடுவோர் இவ்வழியையே உறுதியானதெனக் கொள்ளல் நன்று. இந்நாய் முன்னரும் கடித்ததா? அயலவர் எச்சரித்தனரா? படலை பழுதுற்றிருந்ததா? நாய் கட்டப்படாது விடப்பட்டதா? இவ்வினாக்களின் விடையிலேயே வழக்கின் வலிமை தங்கும். கடிபட்டவன் நாயைச் சீண்டியிருப்பினும், அத்துமீறி வளவினுள் நுழைந்திருப்பினும் அவனது கோரிக்கை நலிவுறும்.

இவற்றுக்குத் துணையாக எழுத்துச் சட்டங்களும் உள. 1893 ஆம் ஆண்டின் விசர்நாய் நோய்க் கட்டளைச் சட்டம் நோய் பரவாமற் காப்பது. 1901 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நாய்களைப் பதிவுசெய்யுமாறு கூறுவது. நாய் தம்முடையதன்று என மறுப்பாரைப் பதிவேடு காட்டிக்கொடுக்கும். விலங்கைக் கவனயீனமாக வைத்திருத்தலைத் தண்டனைச் சட்டக்கோவையும் குற்றமெனக் கொள்கின்றது. ஆயினும், தண்டனை அரசுக்குரியது, நட்டஈடு கடிபட்டவனுக்குரியது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

கடிபட்டோன் முதற்கண் செய்யவேண்டியது மருத்துவமே. காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே அரசினர் மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். 1885 இல் பாஸ்டர் காட்டிய தடுப்பூசி வழி இன்று செம்மையுற்று இலவசமாகக் கிடைக்கின்றது. நோய்க்குறி தோன்றியபின்னரோ மருந்தில்லை. நாயை அடித்துக் கொல்லாது 14 நாள் கட்டிவைத்து நோக்குதல் மருத்துவர்க்கும் உதவும், வழக்குக்கும் உதவும். பின்னர்ப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிதல், மருத்துவச் சீட்டுகளைப் பேணுதல், காயத்தைப் படமெடுத்தல், கண்டோர் பெயரைக் குறித்தல் என்பன செய்யத்தக்கன.

மருத்துவச் செலவு, இழந்த கூலி, எதிர்கால உழைப்பின் குறைவு, உடல்நோவு, வடு ஆகியவற்றுக்கு நட்டஈடு கோரலாம். சுதந்திர மனிதனது உடலுக்கு விலையிடல் இயலாதென உரோமர் வடுவுக்கு ஈடு வழங்கிலர். ஒல்லாந்தரது சட்டமே அக்குறையை நீக்கிற்று. குறித்த தொகைக்குட்பட்ட பிணக்குகள் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்படி மத்தியஸ்த சபைக்கு முதலிற் செல்லல் வேண்டும். ஆங்குப் பெரும்பொருட் செலவின்றி இணக்கம் காணலாம். காணாவிடின் சபையின் சான்றிதழுடன் நீதிமன்றம் செல்லலாம். ஆனால், 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இத்தகைய வழக்குக்கு இரண்டாண்டு எல்லையே விதிக்கின்றது. நாளை, நாளை எனத் தாழ்ப்போர் உரிமையை இழப்பர்.

இனி, உடையவரில்லாத கட்டாக்காலி நாய் கடிப்பின் யாது செய்வது? ஈண்டுதான் நம் சட்டம் தளர்கின்றது. 2006 இல் இலங்கை அரசு நாய்களைக் கொல்லாமையைக் கொள்கையாக ஏற்றது. கருத்தடையும் தடுப்பூசியுமே வழிகளாயின. அருளுடைய கொள்கையே அது. ஆயின், அருளின் சுமையைத் தெருவிற் செல்லும் ஏழை ஒருவன் தன் உடலாற் சுமத்தல் நீதியாகாது. இந்தியாவிலே பஞ்சாப் அரியானா உயர்நீதிமன்றம் 2023 நவம்பரில், பற்குறி ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 10,000 ரூபாவும், தசை பெயர்ந்த காயத்தில் 0.2 சென்ரிமீற்றர் ஒவ்வொன்றுக்கும் 20,000 ரூபாவும் எனக் கணக்கிட்டு, கொடுக்கும் கடனை முதற்கண் அரசின்மேற் சுமத்திற்று. கேரளத்திலோ, 2016 இல் உச்சநீதிமன்றம் இத்தகைய கோரிக்கைகளை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதியின் தலைமையிற் குழுவொன்றை நிறுவிற்று. இத்தகைய கணக்கு நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை.

பற்குறியை எண்ணி விலையிடல் சிறந்த முறையா என்பது வாதத்துக்குரியது. ஆனால், பொதுவழியின் காவல் பொதுமன்றத்தின் கடன் என்னும் அடிப்படை மறுக்கற்பாலதன்று. கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் ஆண்டுதோறும் பொருள் ஒதுக்கும் உள்ளூராட்சி மன்றங்கள், கடிபட்டோர்க்கென ஒரு சிறு நிதியையும் ஒதுக்குதல் அரிதன்று. நாயை வளர்ப்போர் படலையைச் சார்த்துவதும், மன்றம் தெருவைக் காப்பதும், கடிபட்டோர் தம் உரிமையை அறிந்து கேட்பதுமாகிய மூன்றும் ஒருங்கு நிகழுமாயின், நாயும் நன்றிக்கு உவமையாகவே நின்று நிலவும்.