கட்டிலின் விலை

தம்பி,

"மூன்று இலட்சத்துக்குப் பாலிசி இருக்கிறது, எனக்கென்ன கவலை!" என்று மார்தட்டிய தோழர், வீடு திரும்பும் நாளில் கணக்கர் மேசை முன்னே மனைவியின் வளையலைப் பார்த்தபடி நிற்கிறாரே, ஏன்? பாலிசி பொய்யா? பொய்யல்ல. கம்பெனி ஏமாற்றியதா? "எல்லாம் எழுத்தில் இருக்கிறதே!" என்கிறான் அதிகாரி. ஆம், இருக்கிறது, படிக்க முடியாத பொடி எழுத்தில், பாமரனுக்குப் புரியாத சொல்லில் இருக்கிறது! புரியாத மந்திரத்துக்குத் தலையாட்டமாட்டோம் என்போர், புரியாத பத்திரத்துக்கு மட்டும் கையெழுத்துப் போடலாமா?

அந்தச் சொற்களிலே கொடியது ஒன்று. அறை வாடகை வரம்பு. பல பாலிசிகளில், நாள் வாடகை காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்று என்றிருக்கும். மூன்று இலட்சத்துக்கு 3,000 ரூபாய். நள்ளிரவு, தகப்பனாருக்கு நெஞ்சுவலி, "எந்த அறை வேண்டும்?" என்கிறாள் வரவேற்பறைப் பெண். அந்த நேரத்தில் கணக்கா தோன்றும்? 6,000 ரூபாய் அறைக்குத் தலையசைக்கிறான் மகன். மீதி 3,000ஐக் கையிலிருந்து தந்துவிடலாம் என்ற நினைப்பு.

அங்கேதான் தம்பி, இடி! வாடகை மட்டுமல்ல, டாக்டர் கட்டணம், அறுவைக் கட்டணம், நர்சுக் கட்டணம் எல்லாமே பாதியாக வெட்டப்படும். விகிதாசாரக் கழிவு என்று அதற்குப் பெயர். நான்கு நாள் வாடகை 24,000. அறுவையும் டாக்டரும் 1,00,000. மருந்தும் சோதனையும் 36,000. ஆக மொத்தம் 1,60,000 என்று வைத்துக்கொள். கம்பெனி தருவது 12,000, 50,000, 36,000, ஆக 98,000. மீதி 62,000 உன் தலையில்! 12,000 என்று எண்ணியிருந்தவன் தலையில்!

மருந்து, சோதனை, உடலில் பொருத்தும் கருவி ஆகியவற்றில் இந்த வெட்டு கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டணத்திலும் கூடாது. அறைக்கு அறை கட்டணம் மாறாத மருத்துவமனை என்றால் வெட்டே கூடாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020இல் வகுத்த விதி இது. எத்தனை பேருக்குத் தெரியும்? ஆகவே கட்டிலைக் கேட்குமுன், "என் பாலிசிக்குள் அடங்கும் அறை எது? அறை மாறினால் டாக்டர் கட்டணமும் மாறுமா?" என்று கேள்.

ஈ.எஸ்.ஐ. அட்டை வைத்திருக்கும் தோழருக்கு இந்தக் கணக்கு வேண்டாம். ஊதியத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய் தொழிலாளி, மூன்றேகால் ரூபாய் முதலாளி, ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் பில்லே கிடையாது. சம்பளம் வரம்பைத் தாண்டியவன்தான் தனியார் வாசலில் நிற்கிறான்.

'கேஷ்லெஸ்' என்பார்கள். காசே வேண்டாம் என்று பொருளல்ல. கம்பெனி ஏற்ற தொகைக்கு மட்டும் காசு வேண்டாம். உடனிருப்பவர் சாப்பாடு, சலவை, தொலைபேசி, புட்டித் தண்ணீர் இவை பெரும்பாலும் உன் கணக்கு. 'கோ-பே' என்றால் பில்லில் நூற்றுக்கு இத்தனை உன் பங்கு. 'வெயிட்டிங் பீரியட்' என்றால் பாலிசி எடுக்குமுன்பே இருந்த நோய்க்குக் காத்திருக்கும் காலம். 2024 விதிப்படி அது மூன்று ஆண்டைத் தாண்டக்கூடாது. "சர்க்கரை இருப்பதை எழுதாதீர்கள்" என்று ஏஜெண்டு காதோடு சொல்வான், கேட்காதே! கமிஷன் அவனுக்கு, கழுத்தறுப்பு உனக்கு.

வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் கம்பெனியின் ஒப்புதலுக்காக மாலைவரை காக்க வைக்கிறார்களா? மருத்துவமனை கேட்ட மூன்று மணி நேரத்துக்குள் இறுதி ஒப்புதல் தரவேண்டும். அதற்குமேல் தாமதித்து மருத்துவமனை கூடுதல் பணம் கேட்டால் அதைக் கம்பெனிதான் ஏற்கவேண்டும். இதுவும் 2024 விதி.

மறுத்துவிட்டார்களா? காரணத்தை எழுத்தில் கேள். கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடு. ஒரு மாதம் பதிலில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் அலுவலகத்துக்குப் போ. சென்னையிலும் உண்டு. 50 இலட்சம் வரை அவர் விசாரிக்கலாம். கட்டணமில்லை; வக்கீலும் இல்லை, நீயே பேசவேண்டும். பாலிசி, பில், மறுப்புக் கடிதம் மூன்றையும் மட்டும் பத்திரமாக எடுத்துப் போ.