ஏற்றத்துக்கு மட்டுமா எஞ்சின்?

முகூர்த்த நாட்களிலே, அட்டனிலிருந்து தலவாக்கலை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், பூச்சரமும் வண்ண நாடாவும் சூடிய கூரை மடக்கும் கார் ஒன்று மணமக்களைச் சுமந்து மெல்ல ஊர்ந்து போவதைத் திம்புள்ளைப் பகுதி வாசகர்கள் கண்டிருத்தல் கூடும். அவ்வாறு போவது பெரும்பாலும் நம் பாட்டனார் காலத்து மொரிஸ் மைனர் வண்டியாகவே இருக்கும். தோட்டத்துத் துரைமாரும் டாக்டர்மாரும் ஒரு காலத்தில் ஓட்டித் திரிந்த அவ்வண்டி, இன்று வாடகைக்கு விடுவோருக்குச் சோறு போடும் தொழிற்கருவியாகிவிட்டது. ஆதலின், அதனை வாங்குவது வெறும் பொழுதுபோக்கு விடயமன்று. ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் அதிலே அடங்கிவிடுகின்றது.

அண்மையில் எமது பழைய மாணவர் ஒருவர் நம்மிடம் ஆலோசனை கேட்டு வந்தார். வேன் ஓட்டிப் பிழைக்கும் இளைஞர். அவருடைய தாயார் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். அவ்வம்மையாரின் சேமலாப நிதிப் பணத்தைக்கொண்டு கூரை மடக்கும் மொரிஸ் மைனர் ஒன்றை வாங்கித் திருமணங்களுக்கும், சித்திரை மாதத்து நுவரெலியாப் பருவகாலத்தில் உல்லாசப் பயணிகளுக்கும் வாடகைக்கு விடுவது அவர் எண்ணம். மூன்று வண்டிகள் விலைக்கு வந்திருந்தன. ஒன்றில் 948 சி.சி. எஞ்சின், மற்றொன்றில் 1098 சி.சி. எஞ்சின், மூன்றாவதில் பழைய எஞ்சினை எடுத்துவிட்டு ஜப்பானிய டீசல் எஞ்சின் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். "சேர், இதில் எந்த எஞ்சின் மலை ஏறும்?" என்பதே அவருடைய கேள்வி.

கேள்வி நியாயமானதே. ஆயினும், மலைநாட்டில் வாழ்வோர் கேட்க வேண்டிய கேள்வியில் அது பாதிதான். மற்றப் பாதியைப் பின்னர்க் காண்போம்.

நான்கு தலைமுறை எஞ்சின்கள்

மொரிஸ் மைனர், அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளரின் படைப்பு. 1948 ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் அது அறிமுகமானபோதே, மூடிய காருடன் கூரை மடக்கும் காரும் கூடவே பிறந்தது. 1969 இல் கூரை மடக்கும் வகை நிறுத்தப்பட்டது. 1971 இல் மைனரின் உற்பத்தியே முடிந்தது. இடைப்பட்ட காலத்தில் பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்ட மைனர்கள் செய்யப்பட்டன.

இந்நெடுங்காலத்தில் அவ்வண்டி நான்கு எஞ்சின்களைக் கண்டது. முதலாவது 918 சி.சி. எஞ்சின், வால்வுகள் சிலிண்டரின் பக்கவாட்டில் அமைந்த பழைய முறை, வலு ஏறத்தாழ 27 குதிரைகள். தொடக்கத்தில் வந்தவற்றில் நீர்ப் பம்பும் இல்லை. சூடான நீர் தானே மேலெழும் இயல்பைக்கொண்டே எஞ்சின் குளிர்ந்தது. நீண்ட ஏற்றத்தில் இதன் சங்கடம் சொல்லாமலே விளங்கும். இரண்டாவது, 1952 இல் வந்த 803 சி.சி. எஞ்சின், 30 குதிரைவலு. இதன் குறை எஞ்சினில் இல்லை. கியர்ப் பெட்டியில் இருந்தது. மூன்றாம் கியருக்கும் நான்காம் கியருக்கும் இடையே பெரிய இடைவெளி. ஏற்றத்தில் மூன்றாவது கியர் இரைச்சலிடும், நான்காவது மூச்சு வாங்கும். மூன்றாவது, 1956 இல் வந்த 948 சி.சி.; 37 குதிரைவலு; கியர்களும் திருத்தி அமைக்கப்பட்டன. நான்காவது, 1962 இல் வந்த 1098 சி.சி.; 48 குதிரைவலு.

இவ்வளவு பழைய வண்டிகள் நம் நாட்டில் இன்றும் ஓடுவதற்குக் காரணம் உண்டு. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977 இன் பின்னரே கதவு அகலத் திறந்தது. இருந்ததைப் பழுதுபார்த்து ஓட்டும் கலையில் நம் கராஜ்காரர்கள் தேர்ச்சி பெற்றது அக்காலத்திலேதான். 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்து மொரிஸ் மைனர் நிலையத்தை நடத்திய சாள்ஸ் வெயர் என்பவர், அவ்வண்டிக்கான பாகங்களை இலங்கையிலேயே செய்விக்கக் கூட்டு முயற்சி தொடங்கினார் என்றால், நம்மவர் கைத்திறனுக்கு வேறு சான்று வேண்டுவதில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீளத் திறக்கப்பட்டது. அந்த இடைக்காலத்தில் பழைய வண்டிகளின் மதிப்பு மேலும் உயர்ந்தது.

உயரம் வாங்கும் வரி

நிற்க. மலைநாட்டில் ஓடும் எஞ்சின் எதுவாயினும் உயரத்துக்கு ஒரு வரி செலுத்தியே ஆகவேண்டும். மேலே செல்லச் செல்லக் காற்று அடர்த்தி குறைகின்றது, சிலிண்டருக்குள் செல்லும் காற்றும் குறைகின்றது, வலுவும் குறைகின்றது. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் ஆறில் ஐந்து பங்கே. கொழும்பில் 48 குதிரைகள் பூட்டிய வண்டி அங்கே 40 குதிரைகளுடனும், 37 குதிரை வண்டி ஏறத்தாழ 31 குதிரைகளுடனும் நிற்கும்.

இனி ஒரு சிறு கணக்கு. நால்வர் அமர்ந்த மைனர் வண்டியின் மொத்த எடை ஏறத்தாழ 1,075 கிலோ. பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில், மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் அதனை ஏற்றுவதற்கு 13 குதிரைவலு வேண்டும். காற்றுத் தடை, சில்லுகளின் உராய்வு, கியர் இழப்பு ஆகியவற்றையும் சேர்த்தால் 17 அல்லது 18 வரை வரும். 918 சி.சி. எஞ்சின் அந்த உயரத்தில் தன் முழு மூச்சையும் செலவிட்டே இதனைக் கொடுக்கும். 948க்கு இது இயலும் காரியம், 1098க்கு எளிது.

ஆனால் 948க்கும் 1098க்கும் உள்ள தூரம் எண்களிற் காண்பதைவிடக் குறைவு. எஞ்சினின் இழுவை முன்னதில் 50 இறாத்தல் அடி, பின்னதில் 60. ஐந்தில் ஒரு பங்கு மிகுதி. எனினும் பின்னச்சின் பல்விகிதம் முன்னதில் 4.55, பின்னதில் 4.22. பெருக்கிப் பார்த்தால், சில்லைத் திருப்பும் விசையில் 1098 பெறும் மிகுதி நூற்றுக்குப் பதினொன்றளவே. வேகமாகச் செல்ல விரும்புவோருக்கு 1098 சிறந்தது. மணமக்களை ஊர்வலம் கொண்டுசெல்லும் வண்டிக்கு 948 ஒரு குறையுமன்று.

மறக்கப்படும் மற்றப் பாதி

மேற்சொன்ன யாவும் ஏறுவதைப் பற்றியன. ஏறிய வண்டி இறங்கியாகவும் வேண்டுமன்றோ? இதுவே நாம் முன்னர்க் குறிப்பிட்ட மற்றப் பாதி.

நுவரெலியாவிலிருந்து நானுஓயா வழியாகத் தலவாக்கலைக்கு இறங்கும்போது, வண்டி ஏறத்தாழ 650 மீற்றர் கீழே வருகின்றது. நால்வர் ஏறிய மைனர் இவ்விறக்கத்தில் இழக்கும் சக்தி முழுவதும் வெப்பமாக மாறினால், இருபது லீற்றர் குளிர்ந்த நீரைக் கொதிக்க வைக்கலாம். அதில் ஒரு பங்கைக் காற்றும் சில்லுகளும் ஏற்கும். மிகுதியை ஏற்க இருப்பவை இரண்டே: ஒன்று பிரேக். மற்றது தாழ்ந்த கியரில் வைக்கப்பட்ட எஞ்சின். எஞ்சின் உதவாவிட்டால் வெப்பம் எல்லாம் பிரேக் உருளைகளிற் சென்று தங்கும். உருளைகள் அளவுக்கு மிஞ்சிக் காய்ந்தால், மிதித்தாலும் பிடி இராது. 2023 ஜனவரி 20 ஆம் நாள், நானுஓயா றாதல்லைக் குறுக்குச் சாலையில் நிகழ்ந்த பேருந்து விபத்தில் எழுவர் உயிரிழந்ததை இப்பகுதியார் மறக்கவியலாது. இந்த மலைச் சரிவுகள் பிழை பொறுப்பனவல்ல.

1098 எஞ்சினின் உண்மையான சிறப்பு இங்கேதான் இருக்கின்றது. அதனுடன் முன் சில்லுகளுக்கு எட்டு அங்குல பிரேக் உருளைகளையும் தொழிற்சாலையார் கொடுத்தார்கள். அதற்கு முந்திய வண்டிகளில் ஏழு அங்குலமே. வலுவைக் கூட்டியவர்கள் கடிவாளத்தையும் கூட்டினார்கள். உலகெங்கும் புகழ்பெற்ற ஜப்பானியத் திறந்த காரான மாஸ்டா எம்.எக்ஸ். 5 உம் இவ்வாறே. 1989 இல் 1.6 லீற்றர் எஞ்சினுடன் வந்த அது, 1993 இல் 1.8 லீற்றர் பெற்றபோது பெரிய பிரேக்குகளையும் சேர்த்தே பெற்றது. எஞ்சினைத் தனியே நோக்குவோர் ஏமாறுவர். அதனோடு வந்த கியரையும் பிரேக்கையும் சேர்த்து நோக்குவோரே விவேகிகள்.

மாற்றிப் பொருத்திய எஞ்சின்

டீசல் எஞ்சின் பொருத்திய மூன்றாவது வண்டி, மூன்றினும் விலை குறைந்தது, வர்ணமும் பளபளத்தது. எரிபொருட் செலவு குறையும் என்பது அதன் கவர்ச்சி. ஆனால் டீசல் எஞ்சின் பாரம் மிகுந்தது. அப்பாரத்தை முன் சில்லுகளும் முன் பிரேக்கும் தாங்கவேண்டும். மேலும், பெற்றோல் எஞ்சினில் காலை எடுத்தவுடன் காற்றுவழி அடைபட்டு, வண்டியைப் பின்னுக்கிழுக்கும் தடை உண்டாகின்றது. சாதாரண டீசல் எஞ்சினில் அவ்வழி அடைபடுவதில்லை. இறக்கத்தில் அதன் தடையும் அந்த அளவுக்குக் குறைகின்றது. கூரையில்லாத வண்டியில் அதன் அதிர்வையும் இரைச்சலையும் மணமகள் பாராட்டுவாளோ என்பது வேறு விடயம்.

எஞ்சின் மாற்றமே தகாது என்பது நம் கருத்தன்று. டற்சன் சன்னியின் 1200 சி.சி. பெற்றோல் எஞ்சினை மைனரிற் செம்மையாகப் பொருத்திய கைவினைஞர் நம் நாட்டில் உண்டு. ஆனால் மாற்றம் எதுவாயினும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவாகியிருத்தல் வேண்டும். பதிவுச் சான்றிதழிலுள்ள எஞ்சின் இலக்கம், சேசிஸ் இலக்கம், எரிபொருள் வகை, சி.சி. அளவு ஆகிய நான்கையும் வண்டியோடு ஒப்பிட்டுப் பாராமல் ஒரு சதமும் கொடுத்தலாகாது. பதியப்படாத எஞ்சின், விற்கும்போதும் விபத்துக் காப்புறுதி கேட்கும்போதும் வாங்கியவர் கழுத்திலேயே வந்து விழும்.

எஞ்சினுக்கு முன் உடல்

எஞ்சினை மாற்றலாம், உடலை மாற்ற முடியாது. கூரை என்பது காரின் முதுகெலும்பில் ஒரு பாதி. அது இல்லாத குறையை ஈடுசெய்யவே, கூரை மடக்கும் மைனரின் அடித்தளத்திலும் கதவுத் தூண்களிலும் மேலதிக உருக்குத் தகடுகளை வைத்தார்கள். சாதாரணக் காரின் கூரையை வெட்டியெடுத்துத் துணி போர்த்தி விற்போரும் உளர். அவ்வண்டிகளில் இத்தகடுகள் இரா. திம்புள்ளைச் சரிவுகளிலோ மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஓயாது பெய்வதால், அசலான தகடுகளையும் துரு தின்றுவிடும்.

சோதிப்பது எளிது. நால்வரை வண்டியில் அமர்த்திக் கதவுகளைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு இறுகினாலோ, அதன் மேல் இடைவெளி குறுகினாலோ, உடல் வளைகின்றது என்பது பொருள். தரைவிரிப்பை நீக்கி அடித்தகட்டைத் தட்டிப் பாருங்கள். பின்னர்க் குளிர்ந்த காலையில் எஞ்சினை இயக்கி, நால்வருடன் ஓர் ஏற்றத்தில் ஏறி வெப்பமானியைக் கவனியுங்கள். அதே வழியில் மூன்றாம் கியரில் இறங்கும்போது கியர் தானே நழுவி விழுந்தால் பெட்டி தேய்ந்துவிட்டது. இறங்கி முடிந்தவுடன் சமதரையில் பிரேக்கை மிதித்துப் பாருங்கள். வண்டி ஒரு பக்கம் இழுக்கலாகாது. இறுதியாக, சிலிண்டர்த் தலை திருத்தப்பட்டதா எனக் கேளுங்கள். 2002 இல் நம் நாட்டில் ஈயம் கலந்த பெற்றோல் நீங்கியது. பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகள் அந்த ஈயத்தை நம்பியிருந்தவை. கடின உருக்கு இருக்கை வைக்கப்படாத எஞ்சின் நீண்ட ஏற்றங்களில் விரைவில் தேயும்.

எமது மாணவர் டீசல் வண்டியின் கதவைத் திறந்து மூடிப் பார்த்ததோடு அதனைக் கைவிட்டார். 1098 வண்டி நல்லதுதான். ஆனால் கைக்கு எட்டாத விலை. 948 வண்டியின் எஞ்சின் சற்றே களைத்திருந்தது, உடலோ உறுதியாயிருந்தது. அதனையே வாங்கி, மீதப் பணத்தில் 1098க்குரிய எட்டு அங்குல முன் பிரேக்குகளையும் புதிய வால்வு இருக்கைகளையும் பொருத்துமாறு கூறினோம். அவ்வாறே செய்தார். தாயாரின் பணத்திற் சிறிது, அடுத்த மழைக்காலத்துப் பழுதுக்கென வங்கியிலும் எஞ்சியது.

நுவரெலியாவுக்கு அருகே மகாகஸ்தோட்டையில் 1934 முதல் நடந்துவரும் மலையேற்றப் போட்டியில், விரைவாக ஏறியவருக்கே பரிசு. அது பந்தயக்காரர் உலகம். மனைவி மக்களையும் பிறர் வீட்டு மணமக்களையும் ஏற்றிச் செல்வோர்க்குப் பரிசு வேறு. எஞ்சின் எத்தனை சி.சி. என்று கேட்கும் நாவினாலேயே, அது இறங்கும்போது எவ்வளவு தாங்கும் என்றும் கேட்டுவிடுங்கள். அதற்கு விடை சொல்லத் தெரிந்தவரிடம் வண்டி வாங்கலாம்.