பெயர் உண்டு, பார்வைக்கு இல்லை

சி++ மொழியில் ஒரு கிளாஸின் அந்தரங்கத் தரவுகளை வெளியே உள்ள ஃபங்ஷன் தொட முடியாது. ஆனால் கிளாஸே ஒரு ஃபங்ஷனின் பெயரைக் குறிப்பிட்டு அதற்கு மட்டும் அனுமதி தரலாம். இதுதான் ஃபிரெண்ட் அறிவிப்பு. அந்த ஃபங்ஷனைப் பற்றிய முதல் அறிவிப்பே அந்த வரிதான் என்றால், அதன் பெயர் யாருக்கெல்லாம் தெரியும்? கம்பைலர்கள் பல ஆண்டுகள் தடுமாறிய இடம் இது.

மார்கரெட் எல்லிஸும் பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப்பும் எழுதிய 1990ஆம் ஆண்டுக் கையேட்டின்படி, பெயர் கிளாஸுக்கு வெளியிலும் பரவிவிடும். சாதாரணக் கிளாஸில் இதனால் பெரிய தொல்லை இல்லை. டெம்ப்ளேட்டில்தான் வினை.

‘கணிதம்’ என்ற நேம்ஸ்பேஸில் ‘பின்னம்’ என்றொரு டெம்ப்ளேட் இருக்கிறது. அதற்குள் ‘சுருக்கு’ என்ற ஃபிரெண்ட். முழு எண் கொடுத்தால் அது தானே பின்னமாக மாறிக்கொள்ளும் வசதியும் உண்டு. டெம்ப்ளேட்டிலிருந்து உண்மையான கிளாஸ் எப்போது உருவாகும்? நிரலில் அது முதலில் தேவைப்படும் இடத்தில். ஃபிரெண்டும் அப்போதுதான் பிறக்கிறது. பழைய விதிப்படி, அந்த இடத்துக்குக் கீழே, அதே நேம்ஸ்பேஸில், சுருக்கு(6) என்று எழுதினால் செல்லும். அதே வரியை மேலே நகர்த்தினால் அப்படியொரு பெயரே இல்லை என்று கம்பைலர் மறுக்கும். ஒரு வரி செல்லுமா என்பதை, அதனோடு தொடர்பில்லாத வேறொரு வரி தீர்மானிப்பது என்னைப் பொறுத்தவரை ஏற்கவே முடியாத நிலை.

1998இல் வந்த ஐஎஸ்ஓ தரம் இதைத் திருத்தியது. ஃபிரெண்ட் ‘கணிதம்’ நேம்ஸ்பேஸைச் சேர்ந்ததுதான். ஆனால் சாதாரணத் தேடலில் அகப்படாது. அழைப்பில் கொடுக்கும் மதிப்பு பின்னமாகவே இருந்தால், அதன் வகையைப் பின்தொடர்ந்து கம்பைலர் ஃபிரெண்டைக் கண்டுபிடிக்கும். ஆண்ட்ரூ கோனிக்கின் பெயரால் வழங்கும் தேடல் முறை இது. 6 வெறும் முழு எண். அதற்குப் பின்னத்தோடு உறவில்லை. ஆகவே சுருக்கு(6) எங்கே எழுதினாலும் பிழைதான்.

ஜிசிசி கம்பைலர் பழைய வழக்கத்தைக் கைவிட்டது 2006இல் வெளியான 4.1 பதிப்பில். ஒரு காலத்தில் விதியாக இருந்தது அதற்குள் கம்பைலரின் குறையாகிவிட்டது. அதை நம்பி எழுதிய நிரல்களோ புதிய பதிப்பில் உடைந்தன. அவற்றுக்காகப் பழைய நடத்தையைத் திருப்பித் தரும் ஒரு விருப்பத்தேர்வையும் ஜிசிசி வைத்தது. சரியான வழி, ஃபங்ஷனை நேம்ஸ்பேஸிலேயே வெளிப்படையாக ஒருமுறை அறிவிப்பது. கூடுதலாக ஒரே வரி.

இன்று பலர் வேண்டுமென்றே அந்த வரியை விட்டுவிடுகிறார்கள். பெயர் மறைந்திருந்தால், தொடர்பில்லாத அழைப்புகளுக்கு அந்த ஃபங்ஷனைக் கம்பைலர் பரிசீலிக்க வேண்டியதில்லை, பிழைச்செய்தியும் சுருங்கும். சி++20இல் கோப்புப் பாதைகளை ஒப்பிடும் ஆபரேட்டர்களைத் தர நூலகமே இப்படித்தான் மறைத்து வைத்திருக்கிறது.